இரண்டு புள்ளி ஒன்று

புந்தோங், ஈப்போ
3 மார்ச் 1981

அன்பு மகள் மங்களத்துக்கு அப்பா உடையப்பன் எழுதிக்கொள்வது. இங்கே வீட்டில் எல்லாரும் ஆண்டவன் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்தச் சீமைக் குளிரில் நீயும் காய்ச்சல் சளி இல்லாமல் தாதி வேலைக்குப் போய் வருகிறாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். உன் கடிதம் போன வாரம் கைக்குக் கிடைத்தது. உன் தங்கை பாக்கியத்துக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, மாதம் நிறையும் முன்பே பிறந்ததால் இரண்டு பவுண்டுதான் இருக்கிறது, தங்குவது சிரமம் என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு உனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதியிருந்தாய். இரண்டு பவுண்டுப் பிள்ளையை எந்த ஆஸ்பத்திரியிலும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், அது பவுண்டுதானா என்று யாரிடமாவது விசாரியுங்கள் என்றும் எழுதியிருந்தாய். நீ கேட்டது சரியான கேள்வி. ஆனால் உன் கடிதம் கடல் தாண்டி வருவதற்குள் அது இங்கே தெரிந்துவிட்டது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், குழந்தை உயிரோடு இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி. எடை ஏறுவது உறுதியாகட்டும் என்றுதான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதச் சொல்லி உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

பாக்கியம் தலைப்பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வந்திருந்தது உனக்குத் தெரியும். சீனப் பெருநாளுக்குச் சில நாள் முன்னால், இன்னும் ஒரு மாதம் இருக்கும்போதே வலி கண்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், மறுநாள் பிறந்தது. ஆள் அனுப்பிச் சொன்னதும் மாப்பிள்ளை பத்துமலை தான் வேலை செய்யும் பத்து காஜா ஈயச் சுரங்கத்திலிருந்து சேறு படிந்த சட்டையோடு நேராக வந்து வார்டு வாசலில் நின்றார். அந்தக் கோலத்தில் உள்ளே விட மாட்டார்கள். தாதி மிஸி ஒருவர் வெளியே வந்து, பெண் பிள்ளை, தாய்க்கு ஒன்றுமில்லை, பிள்ளை கொஞ்சம் சிறிது என்று மலாயில் சொல்லி, எடை "டுவா பெர்புலுஹான் சத்து" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இரண்டு புள்ளி ஒன்று. மாப்பிள்ளை அதை அப்படியே கொண்டு வந்து எங்களிடம் சொன்னார். உன் அம்மா, "ரெண்டு பவுண்டா?" என்று கேட்டாள். அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்படித்தான் இருக்கும் அத்தை" என்றார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். செமோர் தோட்டத்தில் இருந்த காலம் முழுக்க ஸ்டோரில் ரப்பர் ஷீட்டைப் பவுண்டில் நிறுத்துப் போட்டவன், எடை என்று யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் அதன் பின்னால் பவுண்டு என்று என் மனதே சேர்த்துக்கொள்கிறது. அங்கே நின்ற யாருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை.

பெருநாளுக்கு முதல் நாள் தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிள்ளை நன்றாகக் குடிக்கிறது, அடிக்கடி பால் கொடுங்கள், பெருநாள் கழிந்ததும் மிஸி வீட்டுக்கு வந்து பார்ப்பார் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். நாங்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டோம். இனி ஆவதற்கில்லை, கடைசி நாட்களை வீட்டில் கழிக்கட்டும் என்றுதான் அனுப்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டோம். அன்றைக்குத்தான் உனக்கும் அந்தக் கடிதத்தை எழுதிப் போட்டேன். மாப்பிள்ளை தொட்டில் கட்டுவதற்கு ஸ்பிரிங் வாங்கி வைத்திருந்தார், அதைப் பெட்டியை விட்டு எடுக்கவில்லை.

மாப்பிள்ளையின் தாயார் இருளாயியும் வந்து சேர்ந்தார்கள். அந்த அம்மாவைப் பற்றி நீ தவறாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். அவர்களுக்கு மாப்பிள்ளைக்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்து, தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் நிறுத்துப் பார்த்து இரண்டு பவுண்டு என்று சொன்னாராம். அந்தப் பிள்ளையை மடியை விட்டு இறக்காமல் வைத்துப் பால் கொடுத்து, அது மடியிலேயே போய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு மாதம் மார்பில் பால் கட்டிக்கொண்டு வலியில் கிடந்திருக்கிறார்கள். அவர்கள் பாக்கியத்தின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது எனக்குப் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. "மாருல போடாதடி. இனிமேலும் குடிக்க விட்டா அப்புறம் ஒன்னால விட முடியாது. நான் பட்டது போதும், நீ படாத" என்றார்கள். பழைய வேட்டியைக் கிழித்துப் பாக்கியத்தின் மார்பை இறுக்கிக் கட்டிவிட்டார்கள், பால் வற்றட்டும் என்று. பிள்ளைக்குச் சீனித் தண்ணீரைப் பஞ்சில் தொட்டு உதட்டில் வைத்தார்கள். உன் அம்மா தடுக்கவில்லை. பாக்கியம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிள்ளை அழுவது முதலில் கேட்டது, பிறகு குறைந்துகொண்டே வந்தது. பலம் குறைகிறது, எதிர்பார்த்ததுதான் என்று நாங்கள் இருந்தோம். அதற்குமேல் அந்த நாட்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பெருநாளுக்கு மறுநாள் வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது. சீனக் கடைகள் எல்லாம் அடைத்திருந்தன. நம் சந்தி முனையில் அப்துல் நாசர் கடை மட்டும் திறந்திருந்தது, அங்கே போனேன். இரண்டு காத்தி அரிசி கேட்டேன். அவர் இப்போது காத்திக் கல்லை எடுத்து உள்ளே போட்டுவிட்டார், புதிதாகக் கிலோக் கல் வாங்கி வைத்திருக்கிறார். "ரெண்டு காத்தின்னா இனிமே ஒரு கிலோ எரநூறு கிராம் அண்ணே, எனக்கே இன்னும் வாயில வரல" என்று சொல்லிக்கொண்டே சாக்கைச் சாய்த்துப் பிடித்தார். இரண்டு கையும் வேலையாக இருந்ததால், "அந்தக் கல்லக் கொஞ்சம் எடுத்து தட்டுல வைங்கண்ணே" என்றார். என் பக்கத்தில் இருந்த கல்லில் ஒன்று என்று போட்டிருந்தது. ஒன்று என்று பார்த்ததும் கை ஒரு பவுண்டுக்குத் தயாராகிவிட்டது போலிருக்கிறது, தூக்கியதும் மணிக்கட்டு கீழே இறங்கியது. இது என்ன இவ்வளவு கனமாக இருக்கிறது என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, "கிலோ அண்ணே அது. ரெண்டு பவுண்டுக்கும் மேல வரும்" என்றார். நான் கல்லைத் தட்டில் வைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். ஆஸ்பத்திரியிலும் இப்போது இதில்தான் நிறுக்கிறார்களா என்று கேட்டேன். "எல்லா எடத்துலயும் இதான்லா அண்ணே. எங்க நஜீமாவுக்கு புள்ள பொறந்தப்போ மூணு புள்ளி ரெண்டுன்னாங்க. மூணு பவுண்டா அது? குண்டுப் புள்ள, தூக்கினா தோளு வலிக்கும்" என்றார். நஜீமா அவருடைய மகள். அவர் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார், நம் வீட்டு விஷயம் அதுவரை அவருக்குத் தெரியாது. நான் சொன்னதும் சாக்கைக் கீழே வைத்துவிட்டார்.

வீட்டுக்கு ஓடிப் போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு, நான் நினைப்பது தவறாக இருந்து, அந்தப் பெண் ஒரு முறை மனதைத் தேற்றிக்கொண்டபின் மறுபடி ஆசை காட்டி ஏமாற்றியதாகிவிடக் கூடாதே என்று யோசித்தேன். தராசைக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அன்று ஊரில் திறந்திருந்த ஒரே கடை, கூட்டம் வந்துகொண்டிருந்தது, ஆனாலும் அவர் பாதிக் கதவைச் சாத்திவிட்டுத் தராசைக் கழற்றித் தன் மோட்டார் சைக்கிளில் கட்டினார். பிரசவ அறைக்குள் ஆண்பிள்ளை போக முடியாது என்று மனைவி ஜைனப்பையும் வரச் சொன்னார். அந்த அம்மா தட்டுகளைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, கற்களை ஒரு துண்டில் முடிந்து எடுத்துக்கொண்டு என்னோடு நடந்து வந்தார்கள்.

வீட்டில் உன் அம்மா தராசைப் பார்த்துவிட்டு, "வெங்காயம் நிறுக்கிற தட்டுல புள்ளைய வைக்கிறதா?" என்று மறித்துக்கொண்டு நின்றாள். தீட்டு வீட்டில் இப்படி யாராவது செய்வார்களா, கண் படாதா என்றும் சொன்னாள். உள்ளேயிருந்து சம்மந்தியம்மா, "எதுக்கு இதெல்லாம். போறதுக்குக் கெடக்கு, அத நிறுத்து என்னா பாக்கப் போறீங்க" என்றார்கள். நான் காரணத்தைச் சொன்னேன், யாருக்கும் சரியாக விளங்கவில்லை. ஜைனப் அம்மாதான், "பாத்துட்டா போச்சுக்கா. குறைச்சலா இருந்தா இருக்கிறதுதானே, புதுசா ஒன்னும் போயிடப் போறதில்ல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பிள்ளையை எடுத்து வந்தார்கள். மேசைக்கு மேலே உத்தரத்துக் கொக்கியில் தராசை மாட்டினோம். ஒரு தட்டில் துணியை விரித்துப் பிள்ளையை வைத்தார்கள், மறுதட்டில் அதே மாதிரி ஒரு துணியைப் போட்டு நாசர் ஒரு கிலோக் கல்லை வைத்தார். பிள்ளை இருந்த தட்டு அசையவில்லை. இரண்டாவது கிலோக் கல்லை வைத்தார், கல் பக்கம் மெல்ல இறங்கியது. அதை எடுத்துவிட்டுச் சிறு கற்களாக வைத்துக்கொண்டே வந்தார், ஒரு கிலோ தொள்ளாயிரத்தில் முள் நேராக நின்றது. நாசர் வாய்க்குள் கணக்குப் போட்டு, "நாலு பவுண்டுக்கு மேல இருக்குண்ணே" என்றார். உன் அம்மா பிள்ளை எடையைப் பவுண்டு என்று வாயால் சொல்வாளே தவிர அது கைக்கு எவ்வளவு என்று தெரியாது, கிலோவும் புரியவில்லை, பசாரில் மீன் வாங்கிப் பழகியவள், காத்தியில் எவ்வளவு என்று கேட்டாள். மூன்று காத்திக்கு மேல் என்றதும்தான் அவளுக்கு உறைத்தது.

மாப்பிள்ளை அதுவரை சுவரில் சாய்ந்து நின்றவர், கல்லையே பார்த்துக்கொண்டு, "மாமா, மிஸி சொன்னது ரெண்டு புள்ளி ஒன்னு. அப்படின்னா ரெண்டு கிலோ நூறு. இப்ப ஒன்னு தொள்ளாயிரம்தான் இருக்கு" என்றார். அந்தக் கழித்தலை எல்லாருமே மனதில் போட்டுவிட்டோம். பிழைக்கக்கூடிய எடையில் பிறந்த பிள்ளை, சீனித் தண்ணீரை நக்கிக்கொண்டு நம் வீட்டில் கிடந்து இருநூறு கிராம் குறைந்திருக்கிறது.

பாக்கியம் எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை, திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இது தங்கற புள்ளையாப்பா?" என்று என்னைக் கேட்டாள். குடித்தால் தங்கும் என்று நாசர்தான் பதில் சொன்னார், பிறகு தானாகவே வெளியே போய் நின்றுகொண்டார். அவள் பின்னால் சம்மந்தியம்மா நின்றிருந்தார்கள். அவர்கள் பாக்கியத்தை உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்து, தாங்கள் கட்டிய கட்டைத் தாங்களே அவிழ்த்தார்கள் என்று உன் அம்மா சொன்னாள். துணி பாலில் நனைந்து முடிச்சு இறுகிப்போயிருந்ததாம், நகத்தால் முடியாமல் பல்லால் கடித்து இழுத்தார்களாம். ஆனால் பிள்ளைக்கு வாய் வைத்து இழுக்கும் தெம்பு இல்லை, மார்பில் போட்டதும் தூங்கிப் போனது. பாலைக் கிண்ணத்தில் பீய்ச்சி, ஜைனப் அம்மா கரண்டி முனையால் சொட்டுச் சொட்டாக விட்டார்கள், கொஞ்சம் இறங்கியது. மாப்பிள்ளை ஒரு தெக்சி பிடித்து வந்தார், எல்லாருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே மிஸி ஏன் பால் கொடுக்கவில்லை என்று கோபித்துக்கொண்டார். பவுண்டு என்று நினைத்துவிட்டோம் என்று மாப்பிள்ளை மலாயில் சொன்னதும் திட்டுவதை விட்டுவிட்டுப் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டார். மூக்கு வழியாகக் குழாய் வைத்துத் தாய்ப்பாலையே கொடுத்தார்கள். முதலில் உறுதியாக எதையும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளும் சம்மந்தியம்மா வராந்தா பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் மைலோ வாங்கிப் போய்க் கொடுத்தபோது, டம்ளரைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, "ஒன்னு கேக்கட்டுமா சம்மந்தி. எம்புள்ளையும் கிலோவா இருந்திருக்குமோ?" என்றார்கள். அந்தக் காலத்தில் தோட்டத்தில் கிலோ என்ற பேச்சே கிடையாது, டிரெசர் நிறுத்தது பவுண்டில்தான், உங்கள் பிள்ளை இரண்டு பவுண்டுதான் என்றேன். அவர்கள் தலையை ஆட்டி, "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு மைலோவைக் குடித்தார்கள். நான் சொன்னது உண்மை. அது அவர்களுக்கு ஆறுதலா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, நீ தாதியாக இருக்கிறாய், இப்படிப்பட்டவர்களைத் தினமும் பார்க்கிறாய், உனக்குத் தெரிந்திருக்கலாம்.

மூன்றாம் நாள் குழாயை எடுத்துவிட்டார்கள், பிள்ளை தானாகக் குடிக்க ஆரம்பித்தது. எடை ஏறிய பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது வாரம் ஒருமுறை கிளினிக்குக்குக் கொண்டுபோகிறோம், போன வாரம் இரண்டு கிலோ நானூறு இருந்தது. தொட்டில் கட்டியாகிவிட்டது, மாப்பிள்ளை ஓய்வு நாளில் வந்தால் அதை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். தான் அன்றைக்கே என்ன அளவு என்று கேட்டிருக்க வேண்டும் என்று என்னிடம் வருத்தப்பட்டார், நாங்களும்தான் கேட்கவில்லை என்று சொல்லி அந்தப் பேச்சை அத்தோடு முடித்துவிட்டேன். பாக்கியம் அதிகம் பேசுவதில்லை, பிள்ளையைக் கீழேயும் விடுவதில்லை. பெயர் வைக்கும் பொறுப்பை மாமியாரிடமே கொடுத்துவிட்டாள். பிள்ளை பிறந்து முப்பது நாள் கழிந்ததற்கு வரும் வெள்ளிக்கிழமை முப்பது கும்பிடுகிறோம், அன்றைக்கு ஜைனப் அம்மாவையும் நாசரையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறோம்.

இதற்குப் பிறகு இங்கே எண்ணை மட்டும் சொல்லிவிட்டு யாரும் தப்பிக்க முடியவில்லை. நான் பலகை ஆலையில் வேலை முடிந்து வந்து இன்று பத்து வண்டி வந்தது என்றால்கூட, பத்து என்றால் என்ன பத்து என்று உன் அம்மா கேட்கிறாள். நானும் பழக முயற்சி செய்கிறேன். அறுநூறு கிராம் ஒரு காத்தி, ஒரு கிலோ இரண்டு பவுண்டும் கொஞ்சமும், ஒரு மீட்டர் ஒரு கஜத்துக்கு நாலு விரல் கூட, ஐந்து மைல் என்றால் எட்டுக் கிலோமீட்டர் என்று ஆலையில் மதியம் சாப்பிடும் நேரத்தில் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். ஆலையில் மற்றவர்கள் சிரிக்கிறார்கள். பழைய கணக்கில் யோசித்துவிட்டுப் புதிய கணக்குக்கு மாற்றுவதால்தான் நேரமாகிறது, புதியதிலேயே யோசித்துவிட்டால் மாற்ற வேண்டிய வேலை இல்லை என்று மாப்பிள்ளை சொல்கிறார். என் வயதில் அது நடக்கும் என்று தோன்றவில்லை, பாக்கியத்தின் மகளுக்கு அது தானாக வரும்.

அங்கே பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கும் வேலை உனக்கு. எவ்வளவு என்று கேட்பதோடு எந்த அளவில் என்பதையும் கேட்டுக்கொள், தெரியாவிட்டால் இரண்டாம் முறை கேட்பதில் வெட்கம் வேண்டாம். அறையில் தனியாக இருக்கும்போது கதவைச் சாத்தி வை. கம்பளிச் சட்டை பத்தாவிட்டால் உடனே வாங்கிக்கொள். கடைசியாக ஒன்று. எடை போட்டுப் பார்த்தாயென்றும், எட்டு ஸ்டோன் இருக்கிறாய் என்றும் உன் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தாய். அதைப் படித்துக் காட்டியதிலிருந்து உன் அம்மா என்னை விடவில்லை. ஸ்டோன் என்றால் கல் என்று சொன்னேன், எட்டுக் கல் என்றால் எந்தக் கல் என்று கேட்கிறாள். நாசரிடமும் கேட்டுப் பார்த்தேன், அவருக்கும் தெரியவில்லை. நீ மெலிந்துவிட்டாயா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும், அதை நேராகக் கேட்டால் நீ இல்லை என்றுதான் எழுதுவாய் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே கிலோவில் எழுது, காத்திக்கு நான் மாற்றிச் சொல்லிக்கொள்கிறேன். உள்ளதைக் குறைக்காமல் கூட்டாமல் எழுது.

நீ எடுத்துக்கொண்ட படிப்பு நல்லபடியாக முடிந்து, உடம்பும் மனமும் திடமாக இருந்து, நாங்கள் கண்ணால் பார்க்கும்படி வீடு வந்து சேர உனக்கு எங்கள் இருவரின் ஆசி.

இப்படிக்கு,
உன் அப்பா
உடையப்பன்